கத்தாத கோழி

கொல்லை மதிலில் அந்தப் பூனை வந்து உட்கார்ந்துவிட்டால் எனக்குக் கை கால் ஓடாது. தலை பெருத்த சாம்பல் நிறக் கடுவன். யார் வீட்டுப் பூனையும் இல்லை. சங்கரன்கோவிலில் எங்கள் தெரு முழுக்கத் தறிக்கூடங்கள்தான். அந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைகள் வழியாகவே அது ஊரைச் சுற்றிவிட்டு எங்கள் வீட்டுக்கு வரும். கல்லை எடுத்தாலும் உடனே ஓடாது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் இறங்கும், சண்டாளப் பூனை.

கோழியை நான் எனக்காக வளர்க்கவில்லை. புளியங்குடியில் கட்டிக்கொடுத்திருக்கும் மகளுக்குத் தலைப்பிரசவம், இங்கேதான் கூட்டிவர வேண்டும். பிள்ளை பெற்ற உடம்புக்குக் கடைக்கோழி ஆகாது, கொல்லையில் மேய்ந்த கோழிதான் வேண்டும் என்று, அவள் உண்டாகியிருக்கும் சேதி வந்த கையோடு ஒரு கருப்புப் பெட்டையை அடைவைத்தேன். குஞ்சு வளர்ந்து கோழியாகவும் பிள்ளை பிறக்கவும் சரியாக இருக்கும் என்று ஒரு கணக்கு. மகளுக்கு வேறொரு பயம். சிறு பிள்ளையிலிருந்தே அவள் படுத்தால் கட்டைதான். இடி விழுந்தாலும் எழமாட்டாள். பிள்ளை ராத்திரியில் அழுதால் என்னம்மா செய்வேன் என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள். நீ நிம்மதியாகத் தூங்கு, நான் எதற்கு இருக்கிறேன் என்று சொல்லியிருந்தேன்.

குஞ்சு பொரித்ததும், பருந்துக்குப் பயந்து, நூலுக்குப் போடும் ரோஸ் சாயத்தை ஒவ்வொன்றின் முதுகிலும் தடவிவிட்டேன். பருந்து ஏமாந்தது. பூனையா ஏமாறும்?

முதல் குஞ்சு போனபோது நான் அடுப்படியில் இருந்தேன். கொல்லைக்கதவு திறந்துதான் கிடந்தது. வந்து பார்த்தால் கோழி சிறகை விரித்துக்கொண்டு நிற்கிறது, தரையில் ரோஸ் நிறத்தில் நாலு இறகு. அடுத்தது போனபோது கொல்லையிலேயே முதுகைக் காட்டிக்கொண்டு துணி துவைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோழி மேல்தான் ஆத்திரம் பொங்கியது. தாய்க்கோழி என்றால் பூனையைக் கண்டதும் ஊரைக் கூட்ட வேண்டாமா? ஊமை மாதிரி நிற்கிறாயே என்று வாய்க்கு வந்தபடி வைதேன். என் வீட்டுக்காரரும் என்னைப் போலத் தறிக்காரர்தான். கத்தாத கோழியை வைத்து என்ன செய்ய, அறுத்துக் குழம்பு வை என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

மதில் மேல் உடைமுள்ளை வெட்டிப் போட்டேன். பூனை முள்ளுக்கு நடுவில் கால் வைக்கப் பழகிக்கொண்டது. குஞ்சுகளைப் பஞ்சாரத்துக்குள், அதுதான் மூங்கில் கூடை, கவிழ்த்து மூடினால் பயமில்லை. ஆனால் நாள் முழுக்க மூடிவைத்தால் சோர்ந்துபோகின்றன. மேயவிட்டுத்தான் ஆகவேண்டும். ஷிப்டு முடிந்து வந்து, தூக்கத்தை விட்டு, பஞ்சாரத்தைத் திறந்து, கையில் கம்போடு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். கண் அசந்தால் போச்சு. தறியில் நிற்கும்போதும் இந்நேரம் மதிலில் வந்து உட்கார்ந்திருக்குமோ என்றுதான் மனசு ஓடும்.

ஒருநாள் மத்தியானம் கரண்டு போனது. தெருவில் தறி எல்லாம் நின்று, எனக்குக் காதில் பஞ்சு வைத்தது போல அடங்கிவிட்டது. கோழியை மேயவிட்டுவிட்டு, கொஞ்ச நேரம்தானே என்று வாசலில் கீரை ஆய உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுக்காரி வாசலுக்கு வந்தவள், என்னைத் தாண்டிக் கொல்லைக்கு ஓடினாள். ராயகிரியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள், தறிப்பக்கமே போனதில்லை. நானும் பின்னால் ஓடினேன். தண்ணீர்த்தொட்டி மேல் பூனை. அவள் செருப்பைக் கழற்றி எறிந்ததும் ஒரே தாவில் கூரைக்குப் போய்விட்டது. குஞ்சுகளை எண்ணினால் ஒன்று குறைந்தது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

"இல்ல மதினி, இருக்கு. அங்கன தொட்டிக்குப் பின்னால கத்துது பாருங்க."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. விளையாடுகிறாளோ என்று கோபம் வந்தது. அவள் என் முகத்தையே ஒரு மாதிரி பார்த்தாள். எழுந்து போய்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் எட்டிப்பார்த்தேன். ரோஸ் முதுகோடு குஞ்சு சொருகிக் கிடந்தது. வாய் திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது, மூடுகிறது. சத்தம் இல்லை.

கையை விட்டு வெளியே எடுத்தேன். உள்ளங்கையில் அது வாயைத் திறக்கும்போதெல்லாம் அதன் உடம்பு வெடவெடவென்று என் கையில் அடித்தது.

"இப்பவும் கத்துதாட்டி?"

"உயிர் போற மாதிரி கத்துது மதினி. கோழியும் அப்பத்துலருந்து கத்துதே. அதக் கேட்டுத்தான நான் ஓடியாந்தேன். ஒங்களுக்குக் கேக்கலியா?"

அத்தனை நாளும் பூனைக்குப் பயந்தது ஒரு பயமே இல்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து தறிச் சத்தத்துக்குள் நிற்கிறேன். கூடத்துக்குள் கையால்தான் பேச்சு. வீட்டுக்கு வந்தாலும் தறிக்காரர் எல்லாரும் கத்தித்தான் பேசுவோம், பக்கத்து வீட்டுக்காரிக்கும் எங்களோடு பழகி அதே தொண்டைதான், அதனால் யாருக்கும் தெரியவில்லை, எனக்கே தெரியவில்லை. மகள் போனில் காட்டுக்கத்தலாகக் கத்துவாள். மசக்கைக் கோபம் என்று நினைத்தேன். டவர் சரியில்லை என்று கம்பெனிக்காரனை வைதிருக்கிறேன். பாவம், அந்தக் கோழியையும் எவ்வளவு வைதிருப்பேன். அது கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

குஞ்சைத் தாயிடம் விட்டுவிட்டுப் பஞ்சாரத்தை மூடினேன். கோழி கத்தியதே கேட்கவில்லை என்றால், அந்தப் பச்சைமண் பாலுக்கு அழுவது எப்படிக் கேட்கும்? ஒருத்தி எழமாட்டாள், ஒருத்திக்குக் கேட்காது. நடுவில் பிள்ளை கிடந்து தொண்டை வற்றக் கத்தும்.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். மறைக்கலாமா என்று இருந்தது. மறைத்துவிட்டு அந்தப் பிள்ளை பக்கத்தில் நான் எப்படிப் படுப்பேன்? கோழியில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"பயப்படாதட்டி. பிள்ளைய எம் பக்கத்துலயே போடு. ராத்திரி பூரா அது நெஞ்சு மேல கைய வச்சுக்கிட்டுப் படுத்துக்கிடுதேன். கத்துனா எங் கைக்குத் தெரியும்."

இத்தனை மாதமாகக் கத்தியே பேசியவள், அன்றைக்கு என்னவோ மெதுவாகச் சொன்னாள். அது எனக்குக் கேட்கவில்லை.