எங்கள் படகில் சாலு

அந்தமானில், ஹேடோ துறைமுகத்தில் நான் படகு மேஸ்திரியாக இருந்தபோது, மரம் ஏற்ற வந்த ஒரு வெளிநாட்டுக் கப்பலின் ஆட்கள் எங்களைப் படகுப் போட்டிக்கு அழைத்தார்கள். படகுக்கு ஆறு துடுப்பு. எங்கள் ஆட்களைப் பழக்கும் வேலை என் தலையில் விழுந்தது. இரண்டு வங்காளிகள், இரண்டு மலையாளிகள், ஒரு ராஞ்சிக்காரர், புதிதாக வேலைக்கு வந்த ஒரு தெலுங்குக்காரர். தூத்துக்குடிக்காரனான நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் பொதுவான தீவு ஹிந்தியில் கத்துவேன்.

முதல் நாளே வம்பு. படகு நன்றாக வேகம் பிடித்த நேரம், ஓட்டம் குறையக் கூடாதே என்று "சாலு! சாலு!" என்றேன். எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்த தெலுங்குக்காரர் துடுப்பைத் தூக்கிவிட்டார். அவருக்குப் பின்னால் இருந்த ராஞ்சிக்காரரின் துடுப்புப் பிடி அவர் முதுகில் இடித்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மனுஷனைக் கடலில் தள்ளியிருப்பேன்.

"மீரே கதா சாலு அன்னாரு!" என்று அவரும் பதிலுக்குக் கத்தினார். நீங்கள்தானே போதும் என்றீர்கள் என்கிறார். ஹிந்தியில் சாலு என்றால் ஓடட்டும். அவர் மொழியில் அதுவே போதும், நிறுத்து.

படகுகள் கட்டும் ஜெட்டியிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார் எங்கள் அதிகாரி. மெட்ராஸ்காரர், குத்தலாகவே பேசுவார்.

"இது படகாய்யா, கிச்சடியா? இந்த ஆறு பேரும் ஒண்ணாத் தும்மக்கூட மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை தோத்தீங்கன்னா செட்டையே கலைச்சுடுவேன். அந்தத் தெலுங்குக்காரன் முதல் கப்பல்ல கார் நிக்கோபாருக்குப் போவான்."

தெலுங்குக்காரரின் மனைவி கைக்குழந்தையோடு மெயின்லேண்டிலிருந்து வந்து இறங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. கார் நிக்கோபார் தூரத்துத் தீவு, போனால் திரும்ப மாதக்கணக்காகும்.

படகில் மட்டும் கேலி ஓயவில்லை. டீ ஊற்றும்போது போதும் என்பதற்கு மலையாளிகள் "சாலு" என்றார்கள். வங்காளிகள் பீடியை அணைக்கும்போது "சாலு" என்றார்கள். நானும் விட்டுக்கொடுத்தேன். எங்கள் படகில் இழுக்க "ஜோர்", நிறுத்த "சாலு" என்று ஆயிற்று. வளைகுடாவில் மரக்கட்டைகள் மிதக்கும். சட்டென்று நிறுத்தத் தெரியாவிட்டால் துடுப்பு முறியும். அதனால் நிறுத்துவதைத்தான் விடாமல் பழக்கினேன். நான் "சாலு" என்றால் ஆறு துடுப்பும் ஒன்றாக மேலே எழும். அதைப் பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை.

ஞாயிற்றுக்கிழமை ஜெட்டி முழுக்கக் கூட்டம். பாதித் தூரம் வரை கப்பல்காரர்கள் முன்னால் போனார்கள். பிறகு நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கினோம். என் தொண்டை கட்டிவிட்டது. தெலுங்குக்காரர் என் முகத்தையே பார்த்து இழுத்தார், உதட்டை ரத்தம் வரக் கடித்துக்கொண்டு. எல்லையான ஜெட்டி நெருங்கியபோது எங்கள் படகின் மூக்கு அவர்களைத் தாண்டிவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் அதிகாரி மெகாபோனைத் தூக்கினார். வேலையாட்களிடம் அவர் பேசுவது ஹிந்தி. சந்தோஷம் தாங்காமல் அடித்தொண்டையில் கத்தினார்:

"சாலு! சாலு! சாலு!"

ஆறு துடுப்பும் எழுந்தன. ஒன்றுகூடப் பிசகவில்லை.

நான் "ஜோர்! ஜோர்!" என்று கத்தினேன். காற்றுதான் வந்தது. எங்கள் ஆட்கள் மறுபடி துடுப்பைத் தண்ணீரில் போடுவதற்குள் அந்தப் படகு எங்களைக் கடந்து போய்விட்டது.

ஜெட்டியில் ஏறினோம். அதிகாரியின் முகம் சிவந்திருந்தது.

"ஏன்யா நிறுத்தினீங்க? கைல இருந்ததை ஏன்யா விட்டீங்க?"

"நீங்கதான சார் நிறுத்தச் சொன்னிய?" என்றேன். கட்டிய தொண்டையில், ஆத்திரத்தில், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், முதல் நாள் முதுகில் இடித்ததிலிருந்து டீ வரைக்கும்.

அவர் ஆறு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அத்தனை பேருமா?"

"அத்தன பேரும் சார். ஒண்ணாத்தான் நிறுத்துனாங்க."

"அப்ப இந்த செட்டு..." என்று ஆரம்பித்தவர், கையை ஒரு வீசு வீசினார். "சரி, சாலு," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அங்கேயே நின்று சண்டை போட்டுக்கொண்டோம். அவர் பாஷையில் சொன்னாரா, எங்கள் பாஷையில் சொன்னாரா? ஓடட்டும் என்றாரா, போதும் என்றாரா? தெலுங்குக்காரர் மட்டும் வாயே திறக்கவில்லை. நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டு நின்றார். ஏதாவது சொல்லித் தேற்றலாம் என்றால், எனக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

திங்கள் காலை ஆள் பிரித்தார்கள். லாஞ்சுக்கு, கிரேனுக்கு, கார் நிக்கோபார் கப்பலுக்கு என்று வரிசையாகப் பெயர்கள் வந்தன. எங்கள் ஆட்கள் பெயர் எதுவும் வரவில்லை. கடைசியில் மேஸ்திரியின் படகு என்றார்கள். ஆறு பெயரும் வந்தன. அந்தப் போட்டியில் தோற்றது இன்னும் எனக்கு எரிகிறது. ஆனால் அன்று படகில் ஏறியதும் அந்தத் தெலுங்குக்காரர்தான் முதலில் வாயைத் திறந்து, எங்களைப் பார்த்து, "ஜோர்" என்றார்.