அறுபது துடுப்புத் தூரம்

லாரியிலிருந்து அந்த இரண்டு படகுகளும் இறங்கியபோது அண்ணி வாசற்படியில் உட்கார்ந்து ஒரு பள்ளிச் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். இரண்டும் மஞ்சள் நிறம். ஒல்லியாக, நீளமாக, இரண்டு முனையும் கூர்ந்து லேசாக மேலே வளைந்திருந்தன. மூடிப்போன ஏதோ ஒரு கடற்கரை விடுதியின் சாமான்களை ஏலம் விட்டபோது அண்ணன் எடுத்து வந்தவை அவை.

அண்ணி நூலைப் பல்லால் அறுத்துவிட்டு, பக்கத்தில் நின்ற என்னைப் பார்க்காமல் பொதுவாகச் சொன்னாள்: "கட்டில் ஒண்ணு வாங்கிட்டு வாங்கன்னு அனுப்புனேன். ரெண்டு வாழைப்பழத்தை வாங்கிட்டு வந்து நிக்கிறாரு."

அண்ணன் பதினோரு வருடம் கப்பலில் சமையல்காரனாக இருந்தவன். இனி வீட்டோடுதான் என்று வந்திறங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. "இதுக்குப் பேரு கயாக்கு. ஊர் பாக்க வர்றவங்களை இதுல உக்கார வச்சு, கரையோரமா துடுப்பு போட்டுக் கூட்டிட்டுப் போகலாம். மோட்டார் கிடையாது, புகை கிடையாது, ஒரு சொட்டு எண்ணெய் தண்ணியில விழாது" என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பதினோரு வருஷம் சமையலறைக் குப்பையை நானே மூட்டை மூட்டையா கடல்ல கொட்டியிருக்கேன். அதுக்கு ஏதாவது செய்யணும்ல?" என்றான்.

அண்ணி ஊசியில் நூலைக் கோத்தாள். அடுத்த பொத்தானை எடுத்தாள்.

எனக்கும் அண்ணிக்கும் அப்போது அவ்வளவாகப் பேச்சு கிடையாது. நான் தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கும் வேலையில் இருந்தேன், கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, அண்ணன் வீட்டு மாடி அறையில் குடியிருந்தேன். கீழே அண்ணியின் தையல் மெஷின். சண்டை என்று ஒன்றும் இல்லை. எதையும் அண்ணன் வழியாகவே சொல்லிக்கொள்வோம். "உங்க தங்கச்சி மாடிக் குழாயைத் திறந்து விட்டுட்டாங்களான்னு கேளுங்க" என்பாள், நான் இரண்டடி தள்ளி நிற்கும்போதே. அண்ணனும் திரும்பி என்னிடம் அதைக் கேட்பான். அவனுக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை.

ஒன்றரை வருடத்தில் படகுகள் ஐந்தாயின. அண்ணியும் நானும் துடுப்பு போடப் பழகி, ஆட்களைக் கூட்டிப்போக ஆரம்பித்திருந்தோம். துறைமுகத்தின் கடைசியில் கைவிடப்பட்டுக் கிடந்த ஐஸ் கிடங்கை வாடகைக்கு எடுத்தோம். சுவர் ஒன்றரை முழ கனம். கோடையிலும் உள்ளே போனால் உடம்பு சிலிர்க்கும். அந்த நேரம் பார்த்து வீட்டுக் கூரை ஒழுக ஆரம்பித்தது. கப்பல் கம்பெனியிலிருந்து அண்ணனுக்கு மறுபடி அழைப்பும் வந்தது. "ரெண்டு வருஷந்தான். நீங்க ரெண்டு பேரும் பாத்துக்குங்க" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அந்த இரண்டு வருடம் இழுத்து இழுத்துப் பதினான்காகும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

நடுவே நின்று பேச ஆள் இல்லாமல் போனது. முதல் மாதம் முழுவதும் முன்பதிவு நோட்டின் ஓரத்தில்தான் நாங்கள் பேசிக்கொண்டோம். "நாளை காலை நான்கு பேர். ஒருவர் நல்ல பருமன்" என்று அவள் எழுதிவைப்பாள். "பெரிய படகைத் துடைத்து வைத்துவிட்டேன்" என்று நான் கீழே எழுதுவேன். ஒருநாள் அவள், "எனக்கு நீச்சல் தெரியாது" என்று எழுதியிருந்தாள். படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை வருடமாகக் கடலுக்குள் போய்வந்துகொண்டிருந்தவள் அவள். நோட்டை மூடிவிட்டுக் கீழே இறங்கிப் போய், நேராக அவள் முகத்தைப் பார்த்து, "நாளைக்குக் காலையில வாங்க அண்ணி, நான் சொல்லித்தர்றேன்" என்றேன். அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. மூக்கில் தண்ணீர் ஏறி இருமி, என்னைத் திட்டி, என் தோளில் நகம் பதியப் பிடித்து, ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டாள். அந்தத் தழும்பு ரொம்ப நாள் இருந்தது.

அதன் பிறகு வந்த வருடங்களைத்தான் இப்போதும் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். விடிந்தும் விடியாமலும் கிடங்கின் இரும்புக் கதவைத் தள்ளித் திறப்போம். உள்ளே ரப்பர் வாடையும் காய்ந்த உப்பு வாடையும் கலந்து வரும். கழுத்தில் தொங்கும் இன்ச் டேப்போடுதான் அண்ணி வாடிக்கையாளர்களை வரவேற்பாள். கடையில் வாங்கிய லைஃப் ஜாக்கெட் ஒன்றுகூட யாருக்கும் சரியாகப் பொருந்தாது என்பது அவளுடைய தீராத மனக்குறை. மார்பளவு எடுத்து, பட்டையைப் பிரித்துத் தைத்து, ஒவ்வொன்றையும் திருத்தி வைத்திருந்தாள். இடுப்பில் மாட்டிக்கொண்டு படகின் வாய்க்குள் தண்ணீர் புகாமல் மூடும் துணி ஒன்று உண்டு. அதற்குப் படகுப் பாவாடை என்று பெயர் வைத்ததும் அவள்தான். மீசை வைத்த ஆண்பிள்ளைகளைப் பார்த்து, "சார், பாவாடையை இறுக்கிக் கட்டுங்க" என்று சிரிக்காமல் சொல்வாள்.

மூன்றாம் வருடம் அது நடந்தது. கரையிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் ஒரு பாறைத்தீவு. அதன் ஒரு பக்கத்தில் கூழாங்கல் திட்டு. அங்கே இறங்கி, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்துவிட்டுத் திரும்புவதுதான் எங்கள் பயணத்தின் விசேஷமே. விளம்பரத் தாளிலும் அதைத்தான் பெரிதாகப் போட்டிருந்தோம். அன்று ஆலாப் பறவைகள் தலைக்கு மேல் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன. வெள்ளை உடம்பும் கறுப்பு உச்சியுமாக இருக்குமே, அந்தப் பறவைகள். வந்தவர்களில் ஒரு பல் மருத்துவர், ரொம்பத் தன்மையான மனிதர், குவளையோடு பின்னால் ஓரடி வைத்தார். சிப்பி நொறுங்கியதுபோல ஒரு சத்தம். அவருக்கு அது உறைக்கவில்லை. அண்ணிக்கு மட்டும் கேட்டது.

கூழாங்கல்லும் முட்டையும் ஒரே நிறம், ஒரே புள்ளி. குனிந்து பார்த்தபோதுதான் எங்களைச் சுற்றிலும் முட்டைகள் இருப்பது தெரிந்தது. அண்ணி யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. "எல்லாரும் காலடியைப் பாத்து, ஒருத்தர் பின்னால ஒருத்தரா வாங்க" என்று படகுக்குக் கூட்டி வந்தாள். கரைக்கு வந்து எல்லோரும் போன பிறகு கிடங்கு வாசலில் நின்று, "ரெண்டு வருஷமா எத்தனையை மிதிச்சிருக்கோமோ" என்றாள்.

மறுநாளிலிருந்து, நான் தபால் ஆபீசுக்குக் கிளம்புமுன், இருவரும் அந்தப் பாறைக்குப் போனோம். எவ்வளவு நெருங்கினால் பறவைகள் மிரளுகின்றன என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. பாறையிலிருந்து விலகி வரும்போது எத்தனை துடுப்பு போடுகிறாள் என்று நான் எண்ணுவேன். நாற்பதில் நின்றால் கூட்டமே எழும்பும். ஐம்பதில் ஒன்றிரண்டு கழுத்தை நீட்டும். அறுபதில் ஒன்றுகூட அசையவில்லை. மூன்று வாரம் பார்த்தோம். காற்று மாறினாலும், படகு கூடினாலும், அறுபது அறுபதாகவே இருந்தது. அதோடு முடிவாகிவிட்டது; முட்டையிடும் மாதங்களில் அறுபது துடுப்புக்கு உள்ளே ஒரு படகும் போகாது.

வந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை.

"பாறையில இறங்கலாம்னு போட்டிருக்கே மேடம்?"

"போட்டிருந்தோம் சார். இப்ப கிழிச்சுட்டோம்."

உள்ளதைச் சொன்னால், பாதிப் பேருக்குப் பாறையில் இறங்காதது ஒரு குறையே இல்லை. இனி எங்கே ஒதுங்குவது என்பதுதான் அவர்கள் கவலை. அதற்காக அண்ணி நாள் முழுக்கக் கரையோரம் அலைந்து, புதர் மறைவுள்ள ஒரு மணல் திட்டைக் கண்டுபிடித்தாள். இருந்தாலும் அந்த வருடம் கூட்டம் பாதியானது. மழைக்காலம் முழுக்க அவள் திரைச்சீலை தைத்துத்தான் கிடங்கு வாடகையைச் சமாளித்தோம்.

எங்களை விட்டவர்கள், துறைமுகத்தில் மோட்டார் படகு ஓட்டிய ஒருவரிடம், நாங்கள் மோட்டார்காரர் என்று சொல்பவரிடம், போனார்கள். அவருடைய பெரிய படகில் ஒலிபெருக்கி அலறும். பாறையை ஒட்டிப் போய் ஹாரன் அடிப்பார். பறவைகள் குபீரென்று எழும்பும், மக்கள் கைதட்டுவார்கள். அண்ணி படகுத்துறையில் வைத்து அவரோடு இரண்டு முறை சண்டை போட்டாள். அவர் கோபப்படவே மாட்டார், சிரிப்பார். "டெய்லரக்கா, பறவைக்கு இறக்கை எதுக்கு இருக்கு? பறக்கத்தானே" என்பார். அண்ணிக்கு அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியாது.

ஒன்பதாம் வருடம், படகுகள் எட்டாகியிருந்தன; முட்டைக் காலத்தில் ஒருநாள், ஆறு பேரை அழைத்துக்கொண்டு போயிருந்தோம். திரும்பும் வேளையில் காற்று கரைப்பக்கமிருந்து திடீரென்று வீச ஆரம்பித்தது. துடுப்பு போடப் போட, நின்ற இடத்திலேயே நின்றோம். பிறகு பின்னால் தள்ளப்பட்டோம். பாறைத்தீவையும் தாண்டிவிட்டோம். ஒரு பள்ளி ஆசிரியையின் படகு கவிழ்ந்தது. அண்ணி அவரைப் பிடித்து, படகை நிமிர்த்தி, திரும்ப ஏற்றி உட்காரவைத்தாள். எல்லாப் படகுகளையும் சேர்த்துக் கயிற்றால் கட்டினோம். ஆசிரியையின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

"மோட்டார்காரரைக் கூப்பிடுங்க அண்ணி."

"கொஞ்சம் பொறு. காத்து அடங்குதான்னு பாப்போம்."

"ஆறு பேரு இருக்காங்க. வீம்புக்கு இது நேரமில்ல."

பையிலிருந்து போனை எடுத்தாள். எண்ணைத் தேடவில்லை, மனப்பாடமாக வைத்திருந்தாள். அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இருபது நிமிடத்தில் அந்த இரைச்சல் கேட்டது. அதைவிட இனிய சத்தத்தை அதுவரை நான் கேட்டதில்லை. எல்லோரையும் மேலே ஏற்றி, கயாக்குகளைப் பின்னால் கட்டி, நேர்வழியில் கரைக்குத் திருப்பினார் மோட்டார்காரர். நேர்வழி என்றால் பாறையை உரசிக்கொண்டு.

தன் சட்டைமேல் போட்டிருந்த கம்பளி மேலங்கியை ஆசிரியைக்குச் சுற்றி, பின்னாலிருந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த அண்ணி தலையைத் தூக்கினாள். "சுத்திப் போங்க" என்றாள்.

"என்னக்கா?"

"முட்டை இருக்கு. சுத்திப் போங்க."

"உயிர் போற நேரத்துலயும் பறவையா?" என்று கேட்டுவிட்டு அவர் என்னைப் பார்த்தார். எனக்கு அண்ணியை அறைந்துவிடலாம் போல இருந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு வேகத்தைக் குறைத்து, சக்கரத்தைத் திருப்பி, பாறையை விட்டு விலகிச் சுற்றிக்கொண்டு போனார். கால் மணி நேரம் கூடுதலாக ஆனது.

ஆசிரியைக்கு ஒன்றும் ஆகவில்லை. சூடாக இரண்டு குவளை தேநீர் குடித்துவிட்டு, நடந்ததற்கெல்லாம் சிரிக்கக்கூடச் செய்தார். நான் நான்கு நாள் அண்ணியோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் நோட்டில், "அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால்?" என்று எழுதினேன். சாயங்காலம் அதன் கீழே அவள் கையெழுத்து இருந்தது. "தெரியும். செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. வாயில் தானாக வந்துவிட்டது."

அதற்குப் பிறகு கரைக்காற்று லேசாகத் தலைகாட்டினாலும் பயணத்தை ரத்து செய்தாள். வந்தவர்கள் முணுமுணுத்தால், "கடல் எங்கயும் போயிடாது, நாளைக்கு வாங்க" என்று கதவைச் சாத்திவிடுவாள். மோட்டார்காரர் இந்தக் கதையை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். "உயிரைக் காப்பாத்த வந்தவனுக்கு நன்றி சொல்லாம வழி சொல்லுதய்யா இந்தப் பொம்பளை" என்பார். ஆனால் அடுத்த பருவத்தில் பாறைப் பக்கம் அவருடைய ஒலிபெருக்கி கேட்கவில்லை. ஏன் என்று கேட்டால் ரிப்பேர் என்றார். மூன்று வருடம் கழித்தும் ரிப்பேர்தான் என்றார்.

அண்ணன் ஒருவழியாகக் கப்பலை விட்டு வந்தபோது, அவனுக்குச் செய்ய வேலை என்று எங்களிடம் எதுவும் மிச்சமில்லை. லைஃப் ஜாக்கெட்டுகளை நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போடுவது, தேநீர் வைப்பது என்று ஒதுக்கிக் கொடுத்தோம். "முதலாளியா ஆரம்பிச்சேன், கழுவுற ஆளா சேர்ந்திருக்கேன்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொள்வான். அண்ணி பக்கத்தில் நின்று, "கழுவுறதுலயும் ஓரம் விட்டுடுறாரு" என்பாள்.

பத்தொன்பதாம் வருடம் அவளுடைய வலது தோள் போய்விட்டது. மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தலைக்கு மேல் கை தூக்கவே கூடாது என்றார். ஒரு பருவம் அவள் கரையில் நின்றாள். நான் மட்டும் போய் வந்தேன். கரையில் நிற்க அவளால் ஆகவில்லை, அவள் இல்லாமல் போக என்னால் ஆகவில்லை. படகுகளையும் கிடங்கையும் நீச்சல் பயிற்சியாளர்களான ஒரு கணவன் மனைவியிடம் ஒப்படைத்தோம். நல்ல பிள்ளைகள். அண்ணி ஒரு வாரம் அவர்களோடு இருந்து, பாறை, காற்று, மணல் திட்டு எல்லாம் காட்டிக்கொடுத்தாள். சாவியைக் கொடுத்த அன்று வீட்டுக்கு வந்து, தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள்.

போன மாதம் அந்தப் பயிற்சியாளர் பெண் எங்களையும் ஒரு பயணத்துக்கு அழைத்தாள். இருவர் உட்காரும் படகு ஒன்று புதிதாக வாங்கியிருந்தார்கள். அண்ணி முன்னால், நான் பின்னால். கிளம்பி அரைமணி நேரம் அண்ணியின் வாய் மூடவில்லை. அந்த ஆள் முதுகை வளைக்கிறான், இந்தப் பெண்ணின் பட்டை தளர்ந்திருக்கிறது, கடைசிப் படகு பின்தங்குகிறது என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிக் குறை சொல்லிக்கொண்டே வந்தாள்.

"அண்ணி, இன்னைக்கு நாம வாடிக்கைக்காரங்க" என்றேன்.

 காற்று இல்லாத காலை. தண்ணீருக்கடியில் கடற்புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. சின்ன மீன்கள் கூட்டமாகத் திரும்பும்போது பளிச்சென்று மின்னி மறைந்தன. அவள் துடுப்பை மடிமேல் குறுக்காக வைத்துவிட்டு, பக்கவாட்டில் குனிந்து கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம்.

"இதெல்லாம் எப்பவும் இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"எப்பவும் இருந்துச்சே அண்ணி."

"நான் பாக்கவே இல்ல. வந்தவங்களை எண்ணிக்கிட்டே இருந்துட்டேன்."

நான் மெதுவாகத் துடுப்பு போட்டேன். மற்றப் படகுகள் முன்னால் போய்விட்டன. அவசரப்படுத்த யாரும் இல்லை.