நீலத் தண்ணீரில் மிதந்த சொட்டு

பெங்களூர் ஈஜிபுராவில் நாங்கள் கட்டுகிற வீடுகள் எல்லாம் ஒரே மாதிரிதான். இருபதுக்கு முப்பது மனை, அதில் நாலு மாடி, உச்சியில் தண்ணீர்த் தொட்டி. காங்கிரீட் லாரி அந்தச் சந்துகளுக்குள் நுழையாது. அதனால் தளம் போடுகிற அன்று கலவை சட்டி சட்டியாகச் சித்தாள்களின் தலையில்தான் மேலே ஏறும். நான் கம்பி கட்டுகிறவன். கலவை கொட்டும்போது என் கம்பி விலகாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு மேலேயே நிற்பேன். படியில் ஏறி வருகிற முகங்களை அன்றைக்கு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவற்றில் ஒன்றுதான் தனக்கோடியின் முகம்.

செங்கம் பக்கத்துக்காரி. நாற்பதைத் தாண்டியவள். கணவன் அத்திபெலேயில் ஒரு குடோனுக்கு வாட்ச்மேன், எப்போதாவது வருவான். இவள் ஒரு ஷீட் வீட்டில் மகள் சிந்துவோடு வாடகைக்கு இருந்தாள். அதிகம் பேச மாட்டாள். ஆனால் எங்கள் கூட்டத்தில் தெம்பான ஆள் யார் என்று கேட்டால், மேஸ்திரி இளங்கோவனும் சரி, சென்ட்ரிங் அடிக்கிற நாராயணசாமியும் சரி, தனக்கோடியைத்தான் காட்டுவார்கள். மற்ற பெண்கள் மூன்றாவது மாடியில் வாயைத் திறந்து மூச்சு வாங்குவார்கள். அவள் வாயை மூடிக்கொண்டே ஏறுவாள்.

தளம் ஆரம்பித்தால் நடுவில் நிற்கக் கூடாது. அது எங்கள் வேலையில் சட்டம். நின்றால் பழைய கலவையும் புதுக் கலவையும் ஒட்டாமல் மழைக்கு ஒழுகும் என்பார் மேஸ்திரி. படி ஒடுக்கம் என்பதால் முன்னால் போகிறவள் நின்றால் பின்னால் வருகிற அத்தனை பேரும் நிற்க வேண்டும். ஆகவே எவளும் நிற்க மாட்டாள். தனக்கோடிக்கு மட்டும் ஒரு பழக்கம் உண்டு. கலவையைக் கொட்டிவிட்டு இறங்கும்போது படி திரும்புகிற இடத்தில் சுவரோரம் ஒதுங்கி, தலைச் சும்மாட்டை அவிழ்த்து, உதறி, மறுபடி சுற்றுவாள். ஒவ்வொரு நடைக்கும் இது நடக்கும்.

"என்னா தனக்கோடி, கல்யாணத்துக்குக் கொண்ட போடுறியா?" என்று கீழேயிருந்து மேஸ்திரி கத்துவார்.

"ஆமா, உனக்குத்தான் ரெண்டாந்தாரம் பாத்திருக்கேன். அதுக்குத்தான் போடுறேன்" என்பாள்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. உடைந்த செங்கல் துண்டு ஒன்றை இடுப்பில் செருகி வைத்திருப்பாள். தண்ணீர் தெளித்து முகர்வாள். யாரும் பார்க்காதபோது ஒரு ஓரத்தைக் கடித்து மெல்லுவாள். "ஓனருக்கு ஒரு வண்டி செங்கல் கொறையுது, தனக்கோடி வயித்தில தேடுங்கடா" என்று நாராயணசாமி சொல்லுவான். எல்லோரும் சிரிப்போம். அவளும் சிரிப்பாள்.

போன வருஷம் சாரப் பலகை வழுக்கி அதே நாராயணசாமி விழுந்தான். தொடை எலும்பு முறிந்தது. ஆபரேஷனுக்கு ரத்தம் ஏற்ற வேண்டும், அதற்குப் பதில் ரத்தம் கொடுக்க ஆள் கொண்டு வாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எங்கள் கூட்டத்தில் யாருக்கு அடிபட்டாலும் இப்படிப் போவது வழக்கம். தெம்பான ஆள் முதலில் போக வேண்டும், அதுதான் மரியாதை. ஆகவே தனக்கோடி முதலில் கிளம்பினாள். மேஸ்திரியும் நானும் கூடப் போனோம்.

அங்கே ஒரு பெண் எங்கள் விரலில் ஊசியால் குத்தி, நீலத் தண்ணீர் இருந்த சின்னப் புட்டியில் ஒரு சொட்டு விட்டாள். என் சொட்டு கல் மாதிரி அடிக்குப் போனது. மேஸ்திரியுடையதும் போனது. தனக்கோடியின் சொட்டு மேலேயே நின்றது. மிளகாய் விதை மிதக்கிற மாதிரி மிதந்தது. அந்தப் பெண் புட்டியை மாற்றி இன்னொரு விரலில் குத்தினாள். அதுவும் மிதந்தது. ரத்தத்தில் சத்து இருந்தால் மூழ்க வேண்டுமாம்.

"ஆகல்லம்மா. ஸ்வல்ப இரி, டாக்டர் பர்தாரே" என்றாள். கொடுக்க முடியாது, டாக்டர் வருகிறார், இரு என்று அர்த்தம்.

மேஸ்திரிக்குக் கோபம் வந்தது. "தண்ணி கெட்டுப்போயிருக்கும் மேடம். எங்க கூட்டத்துல இவளுக்கு மேல தெம்பான ஆளே கெடையாது."

டாக்டர் பெயர் லீனா. ஆஸ்டின் டவுன்காரம்மா, நன்றாகத் தமிழ் பேசினார். வந்ததும் தனக்கோடியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே காகிதம் மாதிரி வெள்ளை. கையைக் கழுவச் சொல்லி உள்ளங்கையைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். நகங்கள் கரண்டி மாதிரி குழிந்திருந்தன. சிமென்ட் தின்றுவிட்டது என்றுதான் நாங்கள் அத்தனை நாளும் நினைத்தோம். சைட்டில் எல்லோரும் வெளுப்பாகத்தான் இருப்போம். அதில் யார் நிஜமாகவே வெளுத்துப்போனவர் என்று யாருக்குத் தெரியும்?

ரத்தத்தை மெஷினில் போட்டுப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டியது ஐந்தைக்கூடத் தொடவில்லை.

"நீங்க குடுக்க வந்தீங்களா, வாங்க வந்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "எப்படி நடந்து வந்தீங்க?"

"பஸ்ஸு வரல. அதான் நடந்துட்டோம்" என்றாள் தனக்கோடி.

விரலில் ஒரு கிளிப் மாட்டினார்கள். தொண்ணூற்றெட்டு என்று காட்டியது. கொரோனா சமயத்தில் அந்தக் கிளிப்பை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மேஸ்திரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா மேடம், பாஸு!"

டாக்டர் அவரைப் பார்க்காமல் தனக்கோடியிடம் பேசினார்.

"அம்மா, உங்க வேலைய வச்சே சொல்றேன். காத்த சுமக்கிறது ரத்தம். சட்டி நெறயத்தான் இருக்குன்னு இந்தக் கிளிப்பு சொல்லுது. சட்டி எத்தனைன்னு அதுக்குத் தெரியாது. பத்து சித்தாள் செய்யற வேலைய உங்க உடம்புல நாலு பேரு செய்யறாங்க."

"நாலு பேரு எப்படி தளம் போடுறது?"

"ஓடித்தான். அதோட, மத்தவங்க சட்டியில கொஞ்சம் ஒட்டிக்கிட்டுத் திரும்பும். உங்க உடம்பு சட்டிய வழிச்சு வழிச்சுக் கொட்டிக்குது. தோலுக்குப் போறத நிறுத்தி மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்புது. ஒரே நாள்ல இவ்வளவு ரத்தம் போயிருந்தா நீங்க இருந்திருக்க மாட்டீங்க. வருஷக்கணக்கா கொஞ்சங்கொஞ்சமா போயிருக்கு. உடம்பு பழகிக்கிச்சு. செங்கல் திங்கறீங்களா? ரத்தம் கொறஞ்சா மண்ணுமேல ஆச வரும்."

தனக்கோடி தலையைக் குனிந்துகொண்டாள். எதனால் அத்தனை ரத்தம் போனது என்பதை டாக்டர் அவளைத் தனியாக அழைத்துக் கேட்டார். பெண்கள் விஷயம். மூன்று வருஷமாக அவள் யாரிடமும் சொல்லாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும், அதற்கு மேல் தெரிய வேண்டியதும் இல்லை.

வெளியே வந்தவள் நேராக வாசலைப் பார்த்து நடந்தாள்.

"எங்க போற?" என்றார் மேஸ்திரி.

"நாளன்னிக்குத் தளம் இருக்கு. முடிச்சிட்டு வந்து படுத்துக்கிறேன். எனக்கு ஒண்ணும் தெரியலயே, நல்லாத்தான் இருக்கேன்."

"உன்ன கீழ மணல் சலிக்க விடுறேன், தனக்கோடி. ஏற வேணாம்."

"கீழ எறக்கினவள எவள நீ திரும்ப மேல ஏத்தியிருக்க?" என்றாள். அது உண்மை. கீழ்வேலைக்குக் கூலி குறைவு, அதில் இறங்கியவர்களை மறுபடி மேலே கூப்பிடுவது கிடையாது.  அவள் பயந்தது ரத்தத்துக்கு அல்ல, அதற்குத்தான். டாக்டரோ இன்றைக்கே படுக்க வேண்டும், அடுத்த தளத்தில் இதயம் நின்றாலும் நின்றுவிடும் என்று சொல்லியிருந்தார். நன்றாக இருக்கிறேன் என்று நிஜமாகவே நம்புகிறவளுக்கு அதை எப்படிப் புரிய வைப்பது?

டாக்டர் சண்டை போடவில்லை. பெஞ்சில் உட்கார வைத்தார். சும்மா இருங்கள் என்று சொல்லிவிட்டு வேறு ஆளைப் பார்க்கப் போனார். வெகு நேரம் கழித்து வந்து, தனக்கோடியின் ஒரு கையை அவள் கழுத்து நரம்பிலும் இன்னொரு கையை என் மணிக்கட்டிலும் வைத்தார்.

"ரெண்டையும் பாருங்க."

தனக்கோடி கண்ணை மூடிப் பார்த்தாள். என்னுடையது ஆற அமர அடித்திருக்க வேண்டும். அவள் முகம் மாறியது. என் கையை விடவில்லை.

"இவருது நடக்குது. என்னுது ஓடுது."

"ஆமா."

"நான் உக்காந்துதானே இருக்கேன்?"

"ஆமா."

"அப்ப உக்காந்துகிட்டே படி ஏறிக்கிட்டு இருக்கேனா?"

"தூங்கும்போதும்தான்" என்றார் டாக்டர். "இதயம் வீங்கிப்போயிருக்கு."

"அதுக்கு ஞாயித்துக்கிழமை லீவு கெடையாதா?"

 அவள் தோளில் கிடந்த சும்மாட்டுத் துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "படுக்க எங்க எடம்?" என்று கேட்டாள்.

ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்றினார்கள். காலையில் தொங்கவிட்ட பை மதியம்வரை தீரவில்லை. "கார்ப்பரேஷன் கொழா மாதிரி சொட்டுது, தொறந்து விடுங்களேன்" என்று அவள் நர்ஸிடம் சண்டை பிடித்தாளாம். வேகமாக விட்டால் வீங்கின இதயம் தாங்காது என்று டாக்டர் சொன்னாராம். பழகிப்போன உடம்புக்கு நல்லதைக்கூட மெதுவாகத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. பிறகு மாத்திரை, ஊசி, வயிற்றில் ஒரு ஆபரேஷன். நாராயணசாமி கம்பை ஊன்றிக்கொண்டு போய், இரண்டு வார்டு தள்ளியிருந்த அவளைப் பார்த்துவிட்டு வந்தான். செங்கல் வாங்கிக்கொண்டு போனாயா என்று கேட்டோம். அவன் சிரிக்கவில்லை.

மழைக்காலம் முடிந்து, டாக்டர் சரி என்ற பிறகுதான் வந்தாள். மேஸ்திரி சல்லடையைக் காட்டினார். அவள் அதைக் காலால் தள்ளிவிட்டுச் சும்மாடு சுற்றினாள். பழைய செங்கல் துண்டு மணல் குவியலோரம் கிடந்தது. எடுத்து முகர்ந்து, "தூ, மண்ணு நாறுது" என்று எறிந்தாள்.

அன்றைக்கு மூன்றாவது மாடித் தளம். ஏறினாள், கொட்டினாள், இறங்கினாள். நடுவில் எங்கேயும் சும்மாட்டை அவிழ்க்கவில்லை. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால், மேலே கலவை வருவது நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் தனக்கோடி நிறைந்த சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். பின்னால் பெண்கள் சுமையோடு வரிசையாக நின்றார்கள்.

"எவடி லைன நிறுத்தினது?" கீழேயிருந்து மேஸ்திரி.

"நான்தான்" என்றாள். "களைப்பா இருக்கு."

அந்த வார்த்தையை அவள் வாயில் நான் கேட்டதே இல்லை. இறங்கிப் போய், "மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்று கேட்டேன்.

"வேணாம். நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். "முன்ன எது களைப்பு, எது நானுன்னு தெரியாம இருந்தேன். ஒரு மாசம் அது இல்லாம கெடந்து பாத்துட்டேன் இல்ல? இனிமே சும்மாட்ட அவுத்துக் கட்டி ஏமாத்திக்கிட்டு ஏற முடியாது."

அவளுக்கு அடுத்து நின்றவள் சட்டியை இறக்கினாள். அதற்கடுத்தவளும் இறக்கினாள். படி நெடுக ஒவ்வொருத்தியாக உட்காருகிற சத்தம் கீழே போனது.

மேஸ்திரி திட்டிக்கொண்டே ஏறி வந்தார். வெறுங்கையோடுதான் வந்தார். இரண்டாவது மாடிக்கு வருவதற்குள் அவருக்கும் மூச்சு இரைத்தது. தனக்கோடியின் முன்னால் வந்து நின்றார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவள் நகர்ந்து படியில் இடம் விட்டாள்.

அவர் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். மேலே தளம் பாதியில் நின்றிருந்தது.