செபக்கூட்டத்தில் நான் போட்ட கூச்சல்

பிரியமானவர்களே, நான் கட்டுகஸ்தோட்டையில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள். போன வருடம் முழுக்க என் உடம்பில் நோகாத இடமில்லை. தோள், முதுகு, இடுப்பு, கால். சில நேரம் எரியும், சில நேரம் ஊசி குத்தும். தூங்கி எழுந்தாலும் களைப்பு. இரத்தம் சோதித்தார்கள், நரம்பையும் சோதித்தார்கள். எல்லாம் சரியாம். சரியென்றால் ஏன் இப்படி நோகிறது?

நோவைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் மகள் ஷெரினுக்கு ஐந்து வயது. ஓடிவந்து கட்டிப்பிடிப்பாள். "ஐயோ, தொடாத!" என்று கத்திவிடுவேன். கடைசியில் பிள்ளை கிட்ட வருவதையே விட்டுவிட்டாள். கதவோரம் நின்று பார்ப்பாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "யேசுவே, நோவு இருந்துவிட்டுப் போகட்டும், என் பிள்ளையைத் திருப்பித் தாரும்" என்று அழுதேன்.

இந்த வருடம் தவக்காலத்தில் எங்கள் வீட்டில் செபக்கூட்டம் நடந்தது. எனக்காக எல்லோரும் என்மேல் கை வைத்துச் செபித்தார்கள். நல்ல மனதுதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் செபம் சூடுபிடிக்கப் பிடிக்க, கைகளின் அழுத்தமும் கூடியது.

"விடுங்க! ஐயோ, விடுங்க!"

நான் போட்ட கூச்சல் அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும். கூட்டத்தை நடத்திய அண்ணனுக்கு ஒரே உற்சாகம்.

"பாத்தீங்களா, பிசாசு கெளம்புது! இன்னும் அழுத்திப் பிடிங்க!"

பேராதனை ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்யும் மரியா அக்கா எழுந்து வந்தார்.

"எல்லாரும் கைய எடுங்க. பிசாசாவது மண்ணாவது!"

பிறகு ஒரே விரலால் என் தோளைத் தொட்டார். துடித்துப் போனேன்.

"இதுக்கேவா? தொட்டாலே இப்படி நோகுதுன்னு டொக்டர்கிட்ட சொன்னீங்களா?"

சொல்லவேயில்லை. நடிக்கிறேன் என்பார்களோ என்று பயம்.

அந்த வாரமே அக்கா என்னை கிளினிக்குக் கூட்டிப்போனார். டொக்டர் நிதானமாகக் கேட்டார், அங்கங்கே தொட்டுப் பார்த்தார். பைப்ரோமயால்ஜியா என்றார். நரம்பு பழுதாகி வரும் நோவு வேறாம். எனக்கு நரம்பு கெடவில்லை. ஆனால் மூளையும் முதுகுத்தண்டும் சின்ன நோவையும் பெரிதாக உணர்கின்றனவாம், ரேடியோவில் சத்தத்தைக் கூட்டி வைத்த மாதிரி. எரிச்சலும் குத்தலும் இரண்டிலும் வருமாம். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்குமாம்.

"அப்ப நான் நடிக்கல்லதானே, டொக்டர்?"

"இல்லம்மா. உங்க நோவு உண்மையான நோவு."

அங்கேயே கதிரையில் இருந்து அழுதேன். எத்தனை நாள் பாரம்!

மருந்து தந்தார்கள். நேரத்துக்குத் தூங்கச் சொன்னார்கள், கொஞ்சம் கொஞ்சமாக நடக்கச் சொன்னார்கள். இப்போது மகாவலி பாலம் வரை நடந்து வருகிறேன். நோவு முழுதாகப் போகவில்லை, பொய் சொல்லமாட்டேன். ஆனால் பாதிக்குமேல் குறைந்துவிட்டது. அந்த அண்ணனும் இப்போது கை வைக்குமுன், "எங்க நோகுதும்மா?" என்று கேட்கிறார்!

என் செபத்துக்கான பதில் அந்தக் கூச்சலுக்குள்ளேயே இருந்தது. கூச்சல் போட்டிராவிட்டால் அக்காவுக்கு எப்படித் தெரியும்? அதனால் சொல்கிறேன், நோவோடு இருக்கிற என் சகோதரிகளே, ஆண்டவரிடம் அழுங்கள், டொக்டரிடமும் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஆண்டவர் கேட்கிறார், ஆட்களையும் அனுப்புகிறார்.

ஷெரினுக்கும் விளங்கப்படுத்தினேன். இப்போது கேட்டுவிட்டுத்தான் தொடுவாள். போன ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று கேட்டாள்.

"அம்மா, இன்னைக்கு மெதுவாவா, இறுக்கியா?"

"இறுக்கி" என்றேன்.