இருபது தேக்கும் என் நாக்கும்

பழைய மர வியாபாரத்தில் பாதி மரம், பாதி வாய். இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல், உத்தரம் வாங்கி ஈஜிபுராவில் விற்கிறேன். பேசிப் பேசியே வயிறு வளர்க்கும் என் இனத்து ஆட்களே, இந்தக் கோடையில் அந்த வாய் என்னைப் படுத்திய பாட்டைக் கேளுங்கள். நீங்களும் பட்டிருப்பீர்கள்.

ரேவதி மேடம் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவர். மரத்துக்குள் இருக்கும் வளையங்களை எண்ணினால் வயசு தெரியுமாம். வளையம் நெருங்கி இருந்தால் மழை பொய்த்த வருஷம், அகன்று இருந்தால் நல்ல மழை. அதற்காக, நிற்கும் பழைய தேக்கு இருபதைத் துளைத்து உள்ளிருந்து பென்சில் பருமனுக்குக் குச்சி எடுக்க வேண்டும். மழை விழுந்தால் தேக்கு துளிர்த்துப் புது வளையம் தொடங்கிவிடும், கணக்குக் குழம்பும். அதற்குள் இருபதும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஒரு வருஷப் படிப்பு வீண். மரத்துக்காரர்களிடம் சம்மதம் வாங்குவது என் வேலை. "பேச்சுதானே மேடம், என்கிட்ட விடுங்க" என்று வாக்குக் கொடுத்துத் தொலைத்தேன்.

நூறு வருஷத் தேக்கு

மேடம் முதல்முறை கடைக்கு வந்த நேரம், ஒரு வீட்டுக்காரர் தலையில் உத்தரம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். "நூறு வருஷத் தேக்கு சார், இப்ப எங்க கிடைக்குது?" மேடம் சும்மா இருந்திருக்கலாம். பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார், உத்தரத்தின் முனையில் குனிந்தார், எண்ணினார். "முப்பத்தி நாலுண்ணா" என்றார், எனக்கு ஏதோ உபகாரம் செய்த மாதிரி.

ஓரத்து வளையமெல்லாம் செதுக்கினதில் போயிருக்கும் என்று கத்தினேன். வீட்டுக்காரர் நிதானமாகக் கேட்டார்: "சரிப்பா, மிச்ச அறுபத்தாறு வருஷத்தை எப்ப டெலிவரி பண்ணுவ?"

போர்

ஹெப்பகோடியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. காம்பவுண்ட் ஓரம் இரண்டு தேக்கு. மேடத்தின் கருவிக்குப் பெயர் போரர். நான் சுருக்கமாகப் பேசுகிறவனாச்சே, செயலாளரிடம், "தேக்குகிட்ட சின்னதா போர் போடணும் சார், செலவு எங்களது" என்றேன். மே மாதம், டேங்கர் தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும் ஜனம். அரை மணியில் மூன்று மாடியும் கீழே இறங்கிவிட்டது. ஒருத்தர் குடத்தோடு வந்தார்.

மேடம் தரையை விட்டுவிட்டு மரத்தில் கருவியைத் திருகியதும் எல்லோரும் என்னை முறைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் விளக்கி முடிப்பதற்குள் தொண்டை வறண்டது. அந்தக் குடமும் காலி. தரைத்தளத்து அம்மா மட்டும் நம்பிக்கையை விடவில்லை. வெளியே வந்த குச்சியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "லேசா ஈரம் தெரியுதே, இன்னும் ஒரு அடி இறக்கிப் பாரேன்பா."

வைரம்

பத்தொன்பது முடிந்தது. இருபதாவது ஆனேக்கல்லில். அன்று காலையிலேயே வானம் கறுத்திருந்தது. நஞ்சப்பா, கிருஷ்ணப்பா, கன்னடக்கார அண்ணன் தம்பி. பல வருஷமாகப் பேச்சு கிடையாது. நடுவில் குட்டைச் சுவர். சுவர் வரிசையிலேயே, பாதி இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கமாகத் தேக்கு நிற்கிறது. ஆகவே இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும்.

அண்ணனைக் குளிரவைக்கலாம் என்று மரத்தைத் தட்டி, கன்னடத்தில், "இதரல்லி வைர தும்பா இதெ" என்றேன். மரத்தின் இறுகின நடுப்பகுதி நமக்கு வைரம். கன்னடத்தில் அது சேகு. வைர என்றால் பகை. இந்த மரத்தில் பகை நிறைய இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

"யார் சொன்னது, அவனா?" என்று நஞ்சப்பா சுவரைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி எழுந்தார்.

"நான் நட்ட மரத்தடியில நின்னு என்னையே பேசறியா?"

"நீ நட்டியா? குழி தோண்டினதே நான்."

பிறகு இரண்டு பேரும் சேர்ந்து எங்களை வெளியே போகச் சொன்னார்கள். அதில் மட்டும் ஒற்றுமை. மேடம் கண்கலங்கிக் கருவியைப் பைக்குள் வைக்க ஆரம்பித்தார். எனக்குத் தலைக்கேறிவிட்டது. "நிறுத்துங்க சாமி. யார் நட்டதுன்னு மரத்தையே கேட்டுடலாம், அது வயசு சொல்லும்" என்று கத்தினேன். இரண்டு பேரும் ஒரே மூச்சில், "போடு" என்றார்கள்.

குச்சி வந்தது. மேடம் எண்ணினார், மறுபடி எண்ணினார். குறைந்தது அறுபத்தொன்று. அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு, தம்பிக்கு ஐம்பத்தைந்து. குச்சியைக் குழாயில் போட்டு மூடும்போது முதல் தூறல் விழுந்தது. தம்பி சுவர்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, திட்டாமல், அண்ணனைக் கேட்டார்: "நீ பொறக்கறதுக்கு மூணு வருஷம் முன்னாடியே வந்து குழி தோண்டிட்டுப் போனியாண்ணா?"

மரத்துக்குள் கருவி இறங்கக் கால் மணி நேரம்தான் ஆகிறது, மரத்துக்காரர் காதில் நான் சொன்ன வார்த்தை சொன்னபடி இறங்கத்தான் ஒரு கோடை போதவில்லை.