கதவுக்கு முட்டுக்கொடுத்த பாட்டில்

ராயபுரமே என் முதுகை நம்பித்தான் நிற்கிறது என்று ஒரு மத்தியான வேளை முழுக்க நம்பியவன் நான்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து சில வருஷம். ராயபுரத்துக் கடலோர ஆஸ்பத்திரி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. மூத்திரத்தில் மஞ்சள் மருந்தை ஊற்றி, கலங்கினால் புரதம் என்று எழுதுவேன். கூடத்துக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. கடல் காற்று வந்தால் படாரென்று திறந்துகொள்ளும். அந்த மஞ்சள் மருந்து கரைக்கிற தூள், பெரிய பழுப்பு பாட்டில் நிறைய சும்மா கிடந்தது. அதையே உள்பக்கம் முட்டுக்கொடுத்திருந்தேன். தினமும் காலால்தான் தள்ளுவது.

புதிதாக வந்த டாக்டரம்மா வேண்டாத ரசாயனங்களை ஒழிக்கக் கிளம்பினார்.

“மூத்திரத்தைச் சூடு பண்ணி ரெண்டு சொட்டு அசிட்டிக் ஆசிட் விட்டா போதும். இந்த மஞ்சள் சமாசாரமே வேணாம்” என்றவர், கதவடியைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். “அது பிக்ரிக் ஆசிட். உள்ளே தண்ணி வத்திப் போயிருந்தா, இடிச்சாலே வெடிக்கும்.”

ஹார்பரில் மூட்டை தூக்கும் என் தோஸ்து, பீரங்கிக் குண்டுக்குள் திணிக்கிற மஞ்சள் தூளைப் பற்றி முன்பே சொல்லியிருந்தான். காற்று தள்ளுமுன் பாய்ந்து கதவில் முதுகைக் கொடுத்தேன். மாதாவுக்கு மெழுகுவத்தி, தர்காவுக்குச் சர்க்கரை, திருவொற்றியூர் அம்மனுக்கு மொட்டை என்று ஒருத்தரையும் விடவில்லை.

அந்த நேரம் பார்த்து, சாம்பிள் தட்டோடு வந்த வார்டு ஆயா வெளியிலிருந்து இடுப்பால் இடித்தாள்.

“தொற நைனா, கை நோவுது.”

“தள்ளாதே ஆயா! ராயபுரமே போய்டும்!”

“எங்க போவுது, வியாசர்பாடிக்கா?”

“மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு!”

“நீ மின்னாடி போய் எடம் புடி, நான் வெயில் தாழ வந்துக்கிறேன்” என்று இன்னொரு இடி.

“கொஞ்சம் நகருங்க, டார்ச் அடிச்சுப் பார்க்கணும்” என்றார் டாக்டரம்மா.

“கால் வரமாட்டேங்குது டாக்டரம்மா.”

அவரே குனிந்து, என் முழங்கால்களுக்கு நடுவே டார்ச் அடித்துப் பார்த்தார்.

மூடி மெழுகு வைத்து அடைத்திருந்தது. தூளுக்கு மேல் தண்ணீர் நின்றிருந்தது. பாட்டில் ஒரு வாளித் தண்ணீரில் இறங்கி, ஹார்பரில் வெடிமருந்து கையாளுகிறவர்களோடு போயிற்று. அந்தத் தூளை அப்புறம் நாங்கள் வாங்கவில்லை. கதவுக்குச் செங்கல் வைத்தோம்.