வேலியோரம் நான் புதைத்த கிழங்கு

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை கல்யாணம் முடித்தால் மனைவியின் வீட்டுக்குத்தான் குடிபோவான். வீடும் அதைச் சுற்றிய வளவும் பெண்ணுக்குரியவை. அப்படித்தான் நானும் கல்முனையில் என் மனைவிக்குக் கிடைத்த வீட்டில் இருந்தேன். வேலிக்கு அப்பால் அவளுடைய ராத்தாவின் வீடு. ராத்தா என்றால் மூத்த சகோதரி, எனக்கு மதினி. நடுவில் தென்னங்கிடுகு வேலி, அதில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு கடப்பு. உப்பு, தீப்பெட்டி, அழுகிற குழந்தை எல்லாம் அதன் வழியாகத்தான் போய் வரும். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் மதினி அந்தக் கடப்பைக் கம்பியால் கட்டி மூடிவிட்டார். காரணம், நான் நட்ட ஒரு செடி.

என் வயல் மேற்கே காட்டோரம் இருந்தது. ஒரு மாரியில், சோறு தின்ன நிழலுக்கு ஒதுங்கியபோது அதைக் கண்டேன். பெரிய மரங்களின் அடியில், வெயில் ஒரு பொட்டும் விழாத இடத்தில், அகலமான இலைகள். மேலே வெள்ளி தடவியது போல வரிகள், புரட்டினால் அடி முழுக்க ஊதா. யாரும் பார்க்காத இருட்டில் படைத்த றப்பு இப்படியும் ஒரு வேலைப்பாடு செய்து வைத்திருக்கிறானே என்று நெஞ்சு நிறைந்தது. விறகு வெட்ட வந்த ஒருவரிடம் கேட்டேன். பெயர் தெரியாது, நிழல் இல்லாவிட்டால் செத்துப்போகும், கோடையில் மண்ணுக்குள் போய் மழைக்குத் திரும்பி வரும் என்றார். வேரோடு ஒரு கொத்தும், ஒரு சாக்குக் காட்டு மண்ணும் வண்டியில் கொண்டுவந்தேன்.

எங்கள் வளவில் நிழல் ஏது? சில வருடங்களுக்கு முன் அடித்த சூறாவளி தென்னைகளை எல்லாம் சாய்த்துவிட்டிருந்தது. மிஞ்சி நின்றது ஒரு மாமரம், அதுவும் வேலியை ஒட்டி. அதனடியில் குழி தோண்டிக் கறுப்பு மண்ணைக் கொட்டி நட்டேன். கோழி கிளறாமல் சுற்றிவரக் கல் வைத்தேன்.

கோடை பிறந்ததும் இலைகள் மஞ்சளாகி மறைந்தன. வெறும் தரை. உள்ளே இருப்பது காய்ந்துவிடுமோ என்ற பயத்தில் தினமும் சுபஹு தொழுதுவிட்டு வந்து ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். பள்ளிவாசலிலிருந்து வரும்போது என் திக்ரு முடிந்திருக்காது. வாய் ஓதிக்கொண்டே இருக்கும், கை ஊற்றிக்கொண்டே இருக்கும். ஒன்றும் முளைக்காத தரைக்கு ஒரு மனிதன் ஓதி ஓதித் தண்ணீர் ஊற்றுவதை வேலி இடுக்கால் பார்த்தால் எப்படித் தோன்றும் என்று நான் நினைக்கவே இல்லை.

அந்த வருடம் மதினியின் மகளுக்குச் சம்பந்தம் பேசி இரண்டு முறை முறிந்தது. இரண்டாவது இடத்தார் நாள் குறித்த பிறகு பின்வாங்கினார்கள். மதினி, மறைவானதைப் பார்த்துச் சொல்கிறேன் என்கிற ஒரு மனிதரிடம் போயிருக்கிறார். எல்லையில், பச்சை மரத்தடியில் ஏதோ புதைந்திருக்கிறது என்று அவர் சொன்னாராம். அன்றைக்குத்தான் கடப்பு மூடப்பட்டது. தன் வளவையும் சேர்த்துப் பிடிக்க நான் சூனியம் வைத்தேன் என்று மதினி கிணற்றடியில் நின்று சொன்னதை என் மனைவி கேட்டுவிட்டு வந்து அழுதாள்.

எனக்குக் கோபம். அப்படிப்பட்ட ஆளிடம் போவதே மார்க்கத்தில் பாவம் என்று பேசினேன். ஆனால் சந்தேகம் என்னையும் விடவில்லை. ஒரு நாள் கல் நகர்ந்திருந்தது. மறுநாள் நான் ஊற்றுவதற்கு முன்பே மண் ஈரமாக இருந்தது. செடியைக் கொல்ல எதையோ ஊற்றுகிறார் என்று முடிவு கட்டினேன். மணலைத் தடவிச் சமமாக்கி வைத்து, விடிந்ததும் கால் தடம் தேடினேன். தடமும் இருந்தது. தொழுகையில் நின்றாலும் மனம் வேலியோரத்தில் நின்றது.

கடைசியில் மனைவி சொன்னாள்: "தோண்டிக் காட்டுங்க. செடி போனா இன்னொரு செடி வரும். ராத்தா போனா எனக்கு யாரு இரிக்கா?"

ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மதினியையும் அவருடைய கணவரான என் சகலனையும் வரச்சொல்லி, அவர்கள் கண்ணெதிரே மண்வெட்டியை எடுத்தேன். சகலன் மருதமுனை ஆள், தறிக்காரர், வாய் திறப்பது குறைவு. முதல் வெட்டிலேயே மதினி, இது மையவாடி மண், மையித்து அடக்குகிற இடத்து மண் என்றார்.

"மையவாடியில வெள்ளை மணல். இது கறுப்பு. கண்ணுமா தெரியல்ல?" என்றார் சகலன்.

கொத்தை வெளியே தூக்கினேன். விரல் விரலாகக் கிழங்குகள், அவற்றிலிருந்து தொங்கும் மெல்லிய வேர்களின் நுனியில் சின்னச் சின்ன உருண்டைகள். மதினி இரண்டு எட்டுப் பின்னால் போனார்.

"நூல்ல கட்டிக் கெடக்கு, பாருங்க."

சகலன் ஓர் உருண்டையை உடைத்தார். உள்ளே வெள்ளை, இஞ்சிக்குக் கிட்டின வாசம். ஆனால் பாதிக்கு மேல் அழுகிக் கூழாகியிருந்தது. என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டேன். ஓதின தண்ணீர், ஏழு நாள் என்றார் மதினி. நானோ மூன்று மாதமாக வாளி வாளியாக ஊற்றியிருக்கிறேன். கோடையில் அதை நனைக்கவே கூடாது, காய்ந்து உறங்க வேண்டும் என்று விறகுக்காரர் பிறகு சொன்னபோது எனக்கு முகம் இல்லாமல் போயிற்று. மதினியைச் சந்தேகப்பட்ட காரியத்தை நானே செய்திருந்தேன்.

"அப்ப ஒவ்வொரு நாளும் வாய் முணுமுணுத்தது என்ன மச்சான்?"

"சுபஹுக்குப் பொறவு ஓதுற திக்ரு மதினி."

"என்ட புள்ளைக்கு எதிரா ஒன்டும் ஓதல்லையா?"

"அல்லாஹ் அறிய, இல்லை."

உண்மைதான். ஆனால் சொன்ன அந்த நேரமே இன்னொன்று குத்தியது. எதிராக ஓதவில்லை, சரி. அவளுக்காக ஒரு நாளாவது கேட்டேனா? என் கண் முன்னால் வளர்ந்த பிள்ளை. என் துஆவில் என் பிள்ளைகள், என் வயல், என் மாடு எல்லாம் இருந்தன, அவள் இல்லை. அன்று மஃரிப் தொழுகையிலிருந்து அவள் பெயரை முதலில் சொல்லத் தொடங்கினேன்.

மதினி முழுதாக நம்பவில்லை. மிஞ்சிய ஐந்து கிழங்கில் இரண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தன் கண்ணுக்கு முன்னால் முளைத்தால்தான் நம்புவாராம். கோடையின் கச்சான் காற்று ஓயும்வரை காய்ந்த மணலில் வைத்திருந்து, மாமர நிழல் விழும் தன் பக்கத்தில் நட்டார்.

மழை தொடங்கிய வாரம், அந்தப் பிள்ளைக்கு மூன்றாவது இடத்திலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு மதினி தானே கம்பியை அவிழ்த்துக்கொண்டு வந்தார்.

"மச்சான், இஞ்ச வாங்க. இலை ஒன்டுமில்ல, பூ மட்டும் மண்ணுக்குள்ளால வந்திரிக்கி. இது என்ன?"

போய்ப் பார்த்தேன். வெறும் தரையில், யாரோ கைதவறிப் போட்டது போல, வெள்ளையும் ஊதாவுமாக ஒரு பூ. தண்டில்லை, இலையில்லை. காட்டில் நான் இலையைத்தான் பார்த்திருந்தேன். எனக்கே கொஞ்சம் பயம் தட்டியது.

"எனக்கும் தெரியா மதினி," என்றேன்.

தெரியும் என்று ஏதாவது சொல்லியிருந்தால் அவர் அன்றே பிடுங்கி எறிந்திருப்பார் என்று நினைக்கிறேன். இருவரும் குந்தியிருந்து பார்த்தோம். இலை வரட்டும் பார்ப்போம் என்றார்.

பெண் பார்க்க வந்தவர்கள் சம்மதம் சொல்லிப் போனார்கள், அல்ஹம்துலில்லாஹ். அதற்கும் சில நாள் கழித்துத்தான் சுருள் ஒன்று எழுந்து விரிந்தது. மதினி என்னைக் கூப்பிட்டு, இலையை விரலால் புரட்டிக் காட்டினார்.

"அடிப்பக்கம் ஏன் ஊதா?"

காட்டிலும் அப்படித்தான் இருந்தது என்றேன். என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு இலையை மெதுவாக விட்டுவிட்டு, கோழி வராமல் சுற்றிவர வைக்கக் கல் இருக்கிறதா என்று கேட்டார்.